தாயம்மா பேரில் பன்னிரண்டு தடவை

சன்னாசி என்ற பெயரை அவருக்கு வைத்தவர்கள் அவசரத்தில் வைத்திருக்க வேண்டும். உலகத்தைத் துறப்பதெல்லாம் இருக்கட்டும். கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையில் கிடக்கும் வாடிய வெற்றிலையைக்கூடத் துறக்க மனம் வராதவர் அவர். கோலாலம்பூருக்குப் பக்கத்தில் ரவாங்கில் மொசேக் கல் செய்யும் தொழிற்சாலையில் சூளைப் பகுதியில் வேலை. வயது நாற்பத்து நான்கு. கம்பெனி வருஷத்துக்கு ஒரு ஜோடி பூட்ஸ் கொடுக்கும். அவர் காலுக்கு ஏழாம் நம்பர். ஏழு தீர்ந்து ஒன்பதுதான் இருக்கிறது என்றால் ஒன்பதையும் வாங்கிக்கொள்வார். வேண்டாம் என்று சொன்னால் அது வேறு எவனிடமோ போகும். அந்த எவனையோ நினைத்தால் அவருக்குச் சோறு இறங்காது.

இதைப் பேராசை என்பவர்கள் தோட்டத்தில் பிறந்திருக்க மாட்டார்கள். பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர் சன்னாசி. இன்றைக்குக் கொடுத்ததை நாளைக்கும் கொடுப்பார்களா என்பது அங்கே வேலை வாங்கும் மண்டோருக்கே தெரியாது. கொடுக்கிறபோது இரண்டு கையும் நீட்டி வாங்கிக்கொள்வதுதான் அங்கே மனிதனுக்கு அழகு.

அப்படிப்பட்டவர் வாழ்க்கையில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்து ஜனவரியில் மெடிக்கல் கார்டு வந்து சேர்ந்தது.

கணக்கு வழக்குப் பார்க்கும் ஆபீஸ் கிராணி நடராஜா கேண்டீனில் ஆட்களைக் கூட்டி வைத்து விளக்கினார். "உங்களுக்கு, சம்சாரத்துக்கு, பிள்ளைங்களுக்கு, ஆளுக்கு ஒரு கார்டு. ஒரு கார்டுக்கு வருசத்துக்குப் பன்னிரண்டு தடவை கம்பெனியோட பேனல் கிளினிக். ஒரு காசு கட்ட வேணாம். ஆப்பரேசன்னா பெரிய பிரைவட் ஆஸ்பத்திரியிலேயே செஞ்சுக்கலாம், இன்சூரன்ஸ்காரன் கட்டுவான். ஒரே கண்டிசன். கார்டு வர்றதுக்கு முன்னாலயே இருந்த வியாதின்னா ஆப்பரேசனுக்குக் கட்ட மாட்டான்."

சன்னாசி கை தூக்கினார். "பன்னிரண்டு தடவ போவலேன்னா?"

"போவலேன்னா நல்லது லா. சொகமா இருக்கீங்கன்னு அர்த்தம்."

"அது கெடக்கட்டும். மிச்சமிருக்கிற தடவை?"

"டிசம்பர் முப்பத்தொண்ணோட போச்சு."

நெருங்கிய சொந்தத்தில் சாவு விழுந்ததுபோல் சன்னாசியின் முகம் ஆகிவிட்டது. வீட்டில் நான்கு பேர், நாற்பத்தெட்டுத் தடவை. அத்தனையும் ஒரு ராத்திரியில் செத்துப்போகும் என்றால் மனசுள்ளவன் யார்தான் தாங்குவான்?

அன்றைக்கே திட்டம் போட்டார். தம் உடம்பை மேலிருந்து கீழாகப் பன்னிரண்டாகப் பிரித்துக்கொண்டார். ஜனவரியில் தலைவலி, பிப்ரவரியில் காது, மார்ச்சில் தொண்டை என்று வியாதி முறைப்படி இறங்கி வந்து, டிசம்பரில் பாதத்தில் முடிந்தது. ஒவ்வொரு தடவையும் எம்.சி. என்று ஒரு நாள் மருத்துவ லீவு, ஒரு பை மாத்திரை. பிள்ளைகள் இரண்டு பேருக்கும் அநியாயத்துக்கு நல்ல உடம்பு. இருந்தாலும் மாதம் ஒருமுறை அப்பாவுடன் போய் இருமிக் காட்டி, வைட்டமின் சாறு வாங்கி வந்தார்கள். வீட்டு அலமாரியில் சிவப்புச் சாறும் பச்சைச் சாறும் வரிசை கட்டி நின்றன. கிளினிக் கொடுத்த கட்டுத்துணியால் கொல்லையில் பாகற்கொடிக்குக் கட்டுப் போட்டார். அந்த வருஷம் பாகற்காய் நன்றாகவே காய்த்தது.

பிடி கொடுக்காதவள் ஒருத்திதான்: மனைவி தாயம்மா.

தாயம்மாவுக்கு நோயாளியாக இருக்க நேரமில்லை. விடியற்காலையில் எழுந்து அறுபது பொட்டலம் நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறு, விற்கக் கட்டி, கூடையைத் தன் ஹோண்டா கப்சாய் மோட்டார் சைக்கிளில் வைத்து, புருஷனையும் பின்னால் ஏற்றிக்கொண்டு, ஆறேகாலுக்குத் தொழிற்சாலை கேட்டில் நிற்பாள். ஆமாம், ஓட்டுகிறவள் அவள்தான். லைசென்ஸ் அவளிடம்தான் இருந்தது. சன்னாசிக்கு வண்டி ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ளவும் அவர் முனையவில்லை, சும்மா கிடைக்கிற சவாரியைக் கெடுப்பானேன் என்று. அந்த வட்டாரத்தில் லோரிகளுக்கு நடுவில் புகுந்து புகுந்து ஓட்டும் ஒரே தமிழ்ப் பொம்பளை அவள். "ஒம் பொண்டாட்டி ஓட்டுறாளா, பறக்குறாளா?" என்று சூளைக்காரர்கள் கேலி செய்வார்கள். சன்னாசி உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொள்வார்.

"கிளினிக் போயிட்டு வா தாயம்மா, ஒன் தடவையெல்லாம் வீணாப் போவுது" என்பார்.

"நோவே இல்லாம போயி என்னத்தய்யா சொல்ல?"

"முதுகு வலின்னு சொல்லு."

"வலிச்சாச் சொல்றேன்."

ஐந்து மாதம். ஐந்து தடவை. கார்டு சாமி படத்துக்குப் பின்னால் கசங்காமல் இருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் சன்னாசிக்கு வயிறு எரிந்தது.

அந்த நேரத்தில்தான் அசாம் ஜாவாவிலிருந்து அவர் தங்கை சின்னம்மா வந்தாள். அங்கே செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிற வேலை. புருஷன் இல்லை. எட்டு வருஷமாக இனிப்பு நீர் என்கிற சர்க்கரை வியாதி. தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரசரோ, மாத்திரை தீர்ந்துவிட்டது, அடுத்த மாதம் வா என்றே சொல்லிக்கொண்டிருந்தாராம். கால் மரத்துப்போகிறது என்று காட்டினாள். ஒரு வெள்ளி கட்டினால் அரசாங்கக் கிளினிக்கிலும் மருந்து கிடைக்கும். ஆனால் ஒரு நாள் கூலி போகும், அத்தோடு நர்ஸ் திட்டுவாள்.

சன்னாசி தங்கையின் காலைப் பார்த்தார். சாமி படத்தைப் பார்த்தார். பாசமும் சிக்கனமும் ஒரே இடத்தில் வந்து கைகோத்துக்கொள்ளும் தருணம் மனித வாழ்வில் அபூர்வம். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

கார்டில் படம் கிடையாது. பேரும் நம்பரும்தான்.

இதில் தப்பு இருப்பதாக அவருக்குத் தோன்றவே இல்லை. தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டில் மண்டோர் பேர் கூப்பிடுவார். பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு வர ஒருத்திக்குத் தாமதமானால், பக்கத்தில் நிற்பவள் அவள் பேருக்கும் சேர்த்து "இருக்கேன்யா" என்று குரல் கொடுப்பாள். அது பொய்யல்ல, மரியாதை. கொடுக்காதவளைத்தான் லயமே காறித் துப்பும். ஆக, கூலி போகாத ஒரு ஞாயிற்றுக்கிழமை ரவாங் கிளினிக் கவுன்டரில் "தாயம்மா!" என்று கூப்பிட்டபோது சின்னம்மா எழுந்து "இருக்கேம்மா" என்றாள். அவள் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.

தாயம்மா ஒரு தடவை கேட்டாள். "ஏய்யா, எம் பேர்ல அவ வியாதிய எழுதுறாங்களே, பரவால்லியா?"

"எழுதட்டுமே. எழுதுனா ஒட்டிக்குமா?"

ஒட்டிக்கொள்ளாது என்றுதான் தாயம்மாவும் நினைத்தாள். நாத்தனார் கால் சரியானால் போதும் என்று விட்டுவிட்டாள். அந்த வருஷம் நாற்பத்தெட்டில் நாற்பத்து மூன்றைச் சன்னாசி காப்பாற்றினார். வீணான அந்த ஐந்தை நினைத்து வருத்தப்பட்டார்.

மறு வருஷம் ஏப்ரலில் ஒரு திங்கட்கிழமை, வேலைக்குப் போகும் வழியில், தாயம்மா வலது பக்கம் வந்த லோரியைப் பார்க்கவில்லை. லோரிக்காரன் ஹாரன் அடித்து ஒதுங்கிப் போனான். கேட்டில் வண்டியை நிறுத்திவிட்டு அவள் வலது கண்ணைக் கசக்கினாள்.

"என்ன, தூங்கிட்டியா?" என்றார் சன்னாசி.

"இல்லய்யா. இந்தக் கண்ணு ஓரத்துல கறுப்பா திரை தொங்குற மாதிரி இருக்கு. நேத்து பூச்சி பூச்சியாத் தெரிஞ்சிச்சு. கிளினிக் போவணும். கார்டு எங்க?"

தாயம்மா வாயிலிருந்து அந்தக் கேள்வி வர ஒன்றேகால் வருஷம் ஆகியிருந்தது. வந்தபோது கார்டு அசாம் ஜாவாவில், சின்னம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருந்தது.

"புதன்கிழமை எனக்கு லீவு. போயி வாங்கியாறேன்."

"அதுவரைக்கும்? பத்து வெள்ளி குடுத்துட்டு சாயங்காலமே காட்டிருவமா?"

"கார்ட வச்சிக்கிட்டு யாராச்சும் காசு குடுப்பாங்களா? ரெண்டு நாளு பொறு."

அவர் வாழ்நாளில் மிச்சம் பிடித்த காசுகளில் அந்தப் பத்து வெள்ளியைத்தான் பின்னால் அதிகம் நினைத்துப் பார்த்தார்.

புதன்கிழமை இரண்டு பஸ் மாறிப் போய்க் கார்டை வாங்கி வந்தார். வியாழக்கிழமை காலை கிளினிக். கவுன்டரில் இருந்த சந்திரிகா பைலை எடுத்து, தாயம்மாவை ஏறிட்டுப் பார்த்தாள்.

"நீங்க?"

"தாயம்மா."

"தாயம்மாக்கா குண்டா, மூக்குத்தி போட்டுக்கிட்டு..."

சன்னாசி குறுக்கே புகுந்தார். "எளச்சிட்டா. கவலை. மூக்குத்தியும் அடகுக்குப் போயிருச்சு."

சந்திரிகா அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். மூக்கே குத்தாத தாயம்மாவின் மூக்கையும் பார்த்தாள். பெருமூச்சு விட்டுப் பைலை உள்ளே கொண்டுபோனாள்.

அன்றைக்கு வழக்கமான டாக்டர் இல்லை. புதிதாக ஒருவர் வந்திருந்தார். கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தவர் முகம் மாறியது. உள்ளே விழித்திரை கழன்று வருகிறது, நடுப் பார்வை இன்னும் தப்பியிருக்கிறது, நாலைந்து நாளில் ஆப்பரேஷன் செய்தால் கண்ணைக் காப்பாற்றலாம், தள்ளிப் போட்டால் போய்விடும் என்றார். கோலாலம்பூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினார். பைலைப் புரட்டிப் பார்த்து, கடிதத்தின் கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: நோயாளிக்கு ஒன்பது வருஷமாக இனிப்பு நீர் உண்டு.

இன்சூரன்ஸிலிருந்து உத்தரவாதக் கடிதம் வந்தால்தான் ஆஸ்பத்திரியில் படுக்கை. நடராஜா உடனே போன் போட்டார். திங்கட்கிழமை பதில் வந்தது. சன்னாசியைத் தம் அறைக்குக் கூப்பிட்டுச் சொன்னார்.

"கட்ட முடியாதாம்ணே. சீனி வியாதியால வந்த கண்ணு நோவு, அந்த வியாதி கார்டு வர்றதுக்கு முன்னாலயே இருந்திருக்குங்கிறான். அண்ணிக்குச் சீனி இருக்கா?"

சன்னாசி மேசையில் இருந்த ரப்பர் முத்திரையை எடுத்தார். திருப்பி வைத்தார்.

"இல்லேன்னா ஒரு சொட்டு ரத்தம் போதும், டெஸ்ட் எடுத்துக் காட்டிரலாம். ஆனா பைல்ல இருக்கிற சீனி யாரோடதுன்னு கேப்பான். என்னண்ணே சொல்றீங்க?"

"யோசிச்சுச் சொல்றேன்."

என்ன யோசனை? போலீஸ் வரும், கைவிலங்கு வரும், பத்தொன்பது வருஷத்து வேலை போகும், சின்னம்மாவை ஜீப்பில் ஏற்றுவார்கள். இத்தனையையும் கேண்டீன் போய்ச் சேர்வதற்குள் யோசித்து முடித்துவிட்டார். மறுநாள் சாயங்காலம் வீட்டுக்கு ஒரு தூதுக்குழுவே வந்தது. சூளைப் பகுதி ஆட்கள் நான்கு பேர், கையில் பிஸ்கட் டின்னோடு. அதற்குத் தலைமை வகித்தவன் வீரன். தன் மனைவி கார்டில் மாமியாரையும், தன் கார்டில் தன்னைவிடப் பதினைந்து வயது மூத்த மச்சானையும் வைத்தியம் பார்த்துவந்த பெருந்தகை அவன்.

"அண்ணே, ஒங்க கார்ட நோண்டுனான்னா எல்லாக் கார்டையும் நோண்டுவான். எங்க பொழப்புல மண்ணப் போட்றாதீங்க."

"அவளுக்குக் கண்ணு போவுதுய்யா."

"கவர்மெண்டு ஆஸ்பத்திரி இருக்கே லா. அங்க இல்லாத டாக்டரா?"

அடுப்படியில் இருந்த தாயம்மாவுக்கு எல்லாம் கேட்டது. தேநீரைக் கொண்டுவந்து வைத்தாள். ஒரு குவளை மேசை விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் இறங்கி, வீரன் மடியில் கவிழ்ந்தது. மேசையின் வலது ஓரம் அவளுக்குத் தெரியவில்லை. நான்கு பேரும் துள்ளி எழுந்தார்கள். பிஸ்கட் டின்னை விட்டுவிட்டுப் போனார்கள்.

அப்போதாவது சன்னாசி எழுந்து ஓடியிருக்கலாம். ஓடவில்லை. புதன்கிழமை அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். கூட்டம். மூன்று வாரம் கழித்துத் தேதி கொடுத்தார்கள். அந்தச் சீட்டை மடித்துப் பையில் வைத்தபோது, ஏதோ காரியம் நடந்துவிட்டதுபோல் அவருக்கு ஒரு நிம்மதி. பஸ்ஸில் திரும்பும்போது தாயம்மா இடது கண்ணை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

"இப்ப பாதிதான்யா தெரியுது. திரை நடுவுக்கு வந்திருச்சு."

"மூணு வாரந்தான்."

"நானே கிராணிகிட்டச் சொல்லட்டா? எனக்குச் சீனியும் இல்ல, ஒண்ணும் இல்லன்னு?"

"சொன்னா எனக்கு வேலை போயிரும். சின்னம்மாவக் கொண்டு போயிருவாங்க."

சின்னம்மாவின் பேரை எடுத்தால் தாயம்மா பேச மாட்டாள் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் எடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை தாயம்மா வண்டியை எடுக்கவில்லை. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். பக்கத்தில் சன்னாசி நடந்தார். சாலை முழுக்க அவள் அவருடைய சட்டை முனையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கேட்டை அடைந்ததும் அவர் நேரே நடராஜாவின் அறைக்குப் போய், உட்காராமலே எல்லாவற்றையும் கொட்டினார்.

நடராஜா பேனாவை மூடி வைத்தார். "தெரியும்ணே."

"என்ன தெரியும்?"

"மாசாமாசம் கிளினிக் பில்லு எங்கிட்டதான வருது. கால் மரத்துப்போச்சு, நடக்க முடியலன்னு எழுதியிருக்கு. அந்தப் பொம்பளை தெனம் காலையில கப்சாயில பறந்து வந்து எனக்கே நாசி லெமாக் விக்கிது. எனக்குப் படிக்கத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

"நானா எழுதுனா அது புகாரு, வேலை போயிரும். நீங்களா வந்து சொன்னா ஒரு வார்னிங் லெட்டரோட முடிச்சிரலாம். கேட்டேன்ல அன்னிக்கு? செவ்வாக்கெழமையே வருவீங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்ணே."

ஒரு வார்னிங் லெட்டர். ஒரே தாள். போலீஸ் இல்லை, ஜீப் இல்லை. சன்னாசி நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். நான்கு நாளாக அவர் பயந்தது இந்தத் தாளுக்குத்தான்.

அன்று மதியமே ரத்தம் எடுத்தார்கள். சீனி சுத்தமாக இல்லை. சனிக்கிழமை உத்தரவாதக் கடிதம் வந்தது. திங்கட்கிழமை ஆப்பரேஷன். குளிரூட்டிய அறை, பூப்போட்ட திரைச்சீலை, வேளைக்கு வேளை தட்டில் சாப்பாடு. அந்தத் தொழிற்சாலையில் அந்த வருஷம் இன்சூரன்ஸ்காரன் கட்டிய தொகையிலேயே பெரியது தாயம்மாவுக்குக் கட்டியதுதான். திட்டத்தின் முழுப் பலனையும் சன்னாசி அடைந்துவிட்டார்.

கண் டாக்டர் அவரை வராந்தாவுக்குக் கூப்பிட்டு மலாயில் சொன்னார். விழித்திரையை ஒட்டியாயிற்று, கண் உருவம் கெடாது, ஆனால் நடுப் பார்வை போய்விட்டது, வெளிச்சமும் நிழலும்தான் தெரியும். ஒரு வாரம் முந்தி வந்திருந்தால் கதை வேறு.

உள்ளே போனார். தாயம்மா கட்டுப்போட்ட கண்ணோடு படுத்திருந்தாள்.

"என்னய்யா சொன்னாரு?"

"எப்ப வந்திருந்தாலும் இப்பிடித்தானாம். கண்ணு அமைப்பே அப்பிடியாம்."

"காலையில எங்கிட்டயும் சொன்னாரு" என்றாள். "எனக்கும் மலாய் தெரியுமில்ல?"

சன்னாசி திரைச்சீலைப் பூக்களை எண்ணினார்.

"போயிச் சாப்பிட்டு வாய்யா. தட்டுல மிச்சம் இருக்கு பாரு, வேணுமின்னா அதையே சாப்புடு." கேலியா, கரிசனமா என்று அவருக்குப் புரியவில்லை. தட்டில் பாதி மீனும் ஒரு வாழைப்பழமும் இருந்தன. வாழ்க்கையில் முதன்முறையாக இலவசமாகக் கிடைத்த ஒன்றை அவர் தொடவில்லை.

சின்னம்மா வீட்டுக்கு வந்து கூடத்திலேயே உட்கார்ந்து அழுதாள். "என் சீனிய நானே வச்சிக்கிட்டு இருந்திருக்கலாம் அண்ணி." தாயம்மாதான் அவளைத் தேற்றினாள். இப்போது சின்னம்மா மாதம் ஒரு வெள்ளி கட்டி அரசாங்கக் கிளினிக்கில் மருந்து வாங்குகிறாள். நர்ஸ் திட்டத்தான் செய்கிறாளாம், ஆனால் மருந்து அதே மருந்துதானாம்.

ஆறு வாரம் கழித்துத் தாயம்மா பள்ளித் திடலில் வண்டியை எடுத்துப் பார்த்தாள். இரண்டு சுற்று நன்றாகவே போனாள். மூன்றாவது சுற்றில் வலது பக்கமிருந்து ஓடிவந்த ஒரு பெண் குழந்தை அவள் கண்ணில் படவே இல்லை. குழந்தையின் அம்மா இழுத்துக்கொண்டாள். தாயம்மா வண்டியை நிறுத்தி, ஸ்டாண்ட் போட்டு, சாவியைச் சன்னாசி கையில் வைத்தாள்.

"இனிமே என்னால முடியாது. நீ கத்துக்க."

நாற்பத்தைந்து வயதில் அவர் கற்றுக்கொண்டார். இரண்டு முறை சாக்கடையில் விழுந்தார். முழங்கையும் முட்டியும் கிழிந்தன. கிளினிக் பக்கம் போகவில்லை. வீட்டில் நான்கு கார்டும் அந்த வருஷம் முழுக்கத் தூங்கின. டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி எத்தனை தடவை செத்துப்போனது என்று அவர் எண்ணவும் இல்லை.

இப்போது ஆறேகாலுக்குப் பதில் ஆறேமுக்கால் ஆகிறது. அவர் பறப்பதில்லை. பின்னால் தாயம்மா மடியில் கூடையோடு உட்கார்ந்து வருகிறாள். லோரி வந்தால் தம்மையறியாமல் அவர் பார்வை வலது பக்கக் கண்ணாடிக்குப் போகும். அதில் லோரியும் தெரியும். அவர் தோளுக்குப் பின்னால், லோரி இருக்கும் திசையிலேயே திறந்திருந்தும் அதைக் காணாத தாயம்மாவின் வலது கண்ணும் தெரியும். பார்வையை எடுக்க அவருக்குச் சற்று நேரம் பிடிக்கும். வண்டி தள்ளாடும்.

"என்னையப் பாத்தது போதும்" என்பாள் தாயம்மா, முதுகில் ஒரு தட்டுத் தட்டி. "ரோட்டப் பாத்து ஓட்டுய்யா."